பிளேட்டோ கதைகளுக்கே தடை போட்டாரா?

"குழந்தைகளுக்குக் கதை சொல்லாதீர்கள், கதை ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்றார் பிளேட்டோ" என்று எழுதிய ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

பண்டைய கிரேக்கத் தத்துவஞானியான அவரது 'குடியரசு' நூலின் 2-ஆம் பகுதி சொல்வது கிட்டத்தட்ட நேர் எதிர். கல்வி கதையில்தான் தொடங்குகிறது. தாய்மாரும் செவிலியரும் தேர்ந்தெடுத்த கதைகளைச் சொல்ல வேண்டும்; கையால் உடலைப் பிடித்துவிடுவதைவிடக் கதையால் மனதை வடிப்பதில் அதிக அக்கறை வேண்டும் என்கிறார், உரையாடலாக எழுதப்பட்ட அந்த நூலில் பிளேட்டோ பேசவைக்கும் அவரது குரு சாக்ரடீஸ். அவர் விலக்கச் சொன்னது சில கதைகளை: கிரேக்கத் தெய்வம் குரோனஸ் தன் தந்தை யுரேனஸுக்குச் செய்த கொடுமை, தேவர்களின் சண்டைகள், கிரேக்கக் காவிய வீரன் அக்கிலீஸ் புலம்பி அழும் இடங்கள் போன்றவை. சிறு வயதில் பதிந்தது எளிதில் அழியாது என்பது அவர் சொல்லும் காரணம்.

சரி, அவர் கற்பனை செய்த இலட்சிய நகரிலிருந்து கவிஞர்களை வெளியேற்றச் சொன்னது? அது உண்மைதான். 10-ஆம் பகுதியில் கிரேக்கர்களின் பெருங்கவிஞர் ஹோமரின் கவிதைக்கே இடமில்லை என்கிறார். கடுமையான தணிக்கைதான், எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் தெய்வத் துதிகளுக்கும் நல்லவர்களைப் போற்றும் பாடல்களுக்கும் அங்கேயே அனுமதி உண்டு. கவிதையால் நன்மை உண்டு என்று யாராவது வாதாடி நிரூபித்தால் மகிழ்ச்சியோடு திரும்ப ஏற்போம் என்றும் இருக்கிறது.

அப்புறம், அந்த நூல் முடிவதே ஒரு கதையில்தான்: போரில் இறந்து, சிதையில் உயிர்த்தெழுந்து, மறுவுலகில் கண்டதைச் சொல்லும் ஏர் என்ற வீரனின் கதை.