சாவிக்கொத்து யாரிடம் இருந்தது?

பழைய அமெரிக்க மாளிகைகளின் படங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வெள்ளைத் தூண்கள், புல்வெளி, நீளமான சாப்பாட்டு மேசை. கீழே யாராவது உருகியிருப்பார்கள்: "தாத்தா, மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே... அது ஒரு காலம்!" எனக்கு இதைப் படித்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏன் என்று சொல்ல, ஓரளவு படித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் கட்டிய மான்டிசெல்லோ.

1809இல் அதிபர் பதவி முடிந்து அவர் வீடு திரும்பியதும், மகள் மார்த்தாவும் பிள்ளைகுட்டிகளோடு அங்கேயே வந்துவிட்டார். மார்த்தாவுக்குப் பிறந்து நிலைத்த பிள்ளைகள் மட்டும் 11 பேர். போதாததற்கு வருவோர் போவோர் வேறு. தினம் பிற்பகலில் பெரிய விருந்து. நிலவறையிலிருந்து ஒயின் புட்டிகள் கணப்படுப்பின் பக்கத்தில் மறைத்துவைத்த சிறு தூக்கியில் ஏறி வரும். பதார்த்தங்கள் சுழல்கதவின் பின்பக்கத்துத் தட்டுகளில் அடுக்கப்பட்டு, கதவு திரும்பியதும் உள்ளே வந்துவிடும். என்ன மூளை என்று வியப்பார்கள். சமைத்தவர் முகம் தெரியாமல் சாப்பாடு மட்டும் வந்துசேர ஒரு ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வீட்டைப் பற்றிய விவரங்களில் என் மனதில் ஒட்டிக்கொண்டது சாவிக்கொத்துதான். உக்கிராண அறைச் சாவியைப் பேத்திகள் மாதம் ஒருவராக முறைபோட்டு வைத்திருந்தார்கள். சாமான்களை எடுத்துக் கொடுப்பது, சமையலை மேற்பார்ப்பது எல்லாம் அந்த மாதத்துக்காரியின் வேலை. படிக்க நேரமே கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொள்வார்களாம். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. சரி, எடுத்துக் கொடுத்த சாமான் யார் கைக்குப் போயிற்று?

ஈடித் ஃபாசெட் என்ற பெண்ணின் கைக்கு. 15 வயதில் வாஷிங்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அதிபர் மாளிகையில் பிரெஞ்சு சமையல்காரர் ஒருவரிடம் வருடக்கணக்கில் தொழில் கற்றவர். கணவர் ஜோசப் இங்கே மான்டிசெல்லோவில் கொல்லர். 1806இல் அவர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வாஷிங்டன் வரை போய்விட்டார். பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1809க்குப் பிறகு அந்த வீட்டின் தலைமைச் சமையல்காரி ஈடித். விருந்தாளிகள் மெச்சிய பிரெஞ்சுப் பக்குவம் அவருடையது. கைப்பக்குவம் அவருக்கு, சாவி பள்ளிப் பாடம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு. ஏனென்றால் ஈடித் அடிமை.

"வீட்டில் ஒருத்தர் மாதிரிதான் வைத்திருந்தார்கள்" என்று இங்கே யாராவது வருவார்கள். மாதிரி என்ன, உறவேதான்! அந்த வீட்டில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்கு ஒரே தகப்பன் வழியில் தங்கை. அதாவது மார்த்தாவுக்குச் சித்தி முறை. சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தகப்பன் என்பதை, 1998இல் மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகு, பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்படியானால் சாலியின் மகன்கள் மேடிசனும் எஸ்டனும் சாவிக்கொத்தோடு நடந்த அந்தப் பேத்திகளுக்கு நம் கணக்கில் தாய்மாமன்கள். அந்த மாமன்கள் அதே இடத்தில் தச்சுப்பட்டறையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஜான் ஹெமிங்ஸ் சாலியின் தம்பி. அவரும் அடிமைதான். பேரப்பிள்ளைகள் அவரை அப்பா என்ற பொருளில்தான் கூப்பிட்டார்கள். பேத்தி எலனுக்குக் கல்யாணமானபோது தன் கையால் ஒரு எழுத்துமேசை செய்து அனுப்பினார். பாஸ்டனுக்குப் போகிற வழியில் அது கடலில் போய்விட்டது. ஜான் நொறுங்கிப்போனார் என்று ஜெஃபர்சனே எலனுக்கு எழுதுகிறார். தன் காவியம் நெருப்பில் போயிருந்தால் ரோமானியக் கவிஞர் வர்ஜில்கூட இவ்வளவு துடித்திருக்க மாட்டார் என்கிறார். அந்த வீட்டில் பாசம் இருந்தது, நான் மறுக்கவில்லை. பாசத்தை வைத்து எதுவும் மாறவில்லை என்பதுதான் என் பேச்சு.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தார். கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். உயிலில் ஐந்து ஆண்களுக்கு விடுதலை. ஜான், மேடிசன், எஸ்டன், ஜோசப் நால்வரும் அதில் உண்டு. ஆனால் ஜோசப்புக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான். அதற்குள், 1827 ஜனவரியில், 130 பேரை ஏலம் விடுவதாக விளம்பரம் வந்தது. அந்த ஏலத்தில்தான் ஈடித்தும் பிள்ளைகளும். ஈடித்தையும் கடைசி இரண்டு குழந்தைகளையும் அடிமையாக இல்லாத உறவினர் ஒருவர் எடுத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு திக்கு.

அதில் ஒருவன் பீட்டர், 11 வயது. தான் அடிமை என்பதே தெரியாமல் வளர்ந்ததாகவும், ஏல மேடையில் ஏற்றியபோதுதான் தெரிந்ததாகவும் முதுமையில் சொன்னார். எழுத்து கற்றுக்கொடுத்தது ஜெஃபர்சனின் ஒரு பேரனாம். புதிய எஜமானோ, கையில் புத்தகத்தைப் பார்த்தால் 39 கசையடி என்றான். பீட்டர் ஒளித்துவைத்துப் படித்தார். மற்றவர்களுக்கும் இரவில் கற்றுக்கொடுத்தார். ஓடிப் பார்த்தார், பிடிபட்டார். 1850 வாக்கில் திரும்பவும் விற்கப்பட்டபோது சொந்தக்காரர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். சின்சினாட்டி போய், அம்மா வழியில் வந்த தொழிலையே பிடித்து விருந்துச் சமையல் செய்தார், பிறகு பாதிரியார் ஆனார்.

1900இல், தள்ளாத வயதில், மான்டிசெல்லோவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் இறந்தார். அடுத்த முறை யாராவது அந்தச் சாப்பாட்டு மேசைப் படத்தைப் போட்டால், ஈடித்தின் சமையலறைப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். எட்டு அடுப்பு வரிசையாக இருக்கும்.