ஒரே பாட்டுக்குள் நான் அடைத்து வைத்திருந்த குழு

தி லெஃப்ட் பேங்க் என்ற அமெரிக்க பாப் குழு என்றால் பல வருடங்களாக எனக்கு ஒரே ஒரு பாட்டுதான். ‘வாக் அவே ரெனே’. கல்லூரி விடுதியில் அறை நண்பன் வைத்திருந்த அறுபதுகளின் ஹிட் பாடல்கள் கேசட்டில் அது இருந்தது. குழுவுக்கு ஒரு பாட்டு என்று கோத்த கேசட் அது. அதைக் கேட்டுக் கேட்டு, இவர்கள் எல்லாம் ஒரு நல்ல பாட்டைப் பாடிவிட்டுக் காணாமல் போனவர்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிறகு எங்கோ படித்ததில் இன்னொரு முடிவும் சேர்ந்துகொண்டது. அந்தக் குழு என்பது மைக்கேல் பிரவுன் என்ற மேதைச் சிறுவன் ஒருவன்தான், மற்றவர்கள் அவனோடு நின்றவர்கள், அவ்வளவே.

இரண்டுமே தவறு. அதை எனக்குப் புரியவைத்தது ஒரு தொகுப்பு. மெர்க்குரி நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ‘தேர்ஸ் கோனா பி எ ஸ்டார்ம்’. 1966 முதல் 1969 வரையிலான இரண்டு ஆல்பங்கள், தனியாக வந்த சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டுகள்), எல்லாம் ஒரே குறுந்தட்டில். அண்ணன் வீட்டில் பழைய தட்டுகளை ஒழிக்கும்போது கையில் கிடைத்தது. மூன்று வாரமாக வேறு எதையும் நான் கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1965-இல் நியூயார்க்கில் தொடங்கிய குழு இது. பிரவுனின் அப்பா ஹாரி லுகாஃப்ஸ்கி வயலின் கலைஞர். 1959-இல் ‘ஸ்ட்ரிங்ஸ்வில்’ என்று வயலினை முன்வைத்து ஒரு ஜாஸ் ஆல்பமே செய்தவர். பிராட்வேயில் வேர்ல்ட் யுனைடெட் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்தினார். மகன் அங்கேதான் கிடப்பான். டாம் ஃபின் தன் முந்தைய குழுவோடு பதிவுக்கு அங்கே வந்தபோது பிரவுனோடு பழக்கமானது. ஃபின், ஜார்ஜ் கேமரன், ஸ்டீவ் மார்ட்டின் மூவரும் சேர்ந்து பாடினால் குரல்கள் ஒன்றோடொன்று இழைந்துபோகும். பிரவுனுக்குப் பியானோவும், ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைக் கருவியும். இதில் யாருக்கும் பெரிய வயதில்லை. ‘ரெனே’யை எழுதும்போது பிரவுனுக்கு 16.

ரெனே அப்போது டாம் ஃபின்னின் காதலி. நண்பனின் காதலி மேல் பிரவுனுக்கு வந்த, சொல்லமுடியாத பிரியம்தான் அந்தப் பாட்டு. ஹார்ப்சிகார்ட் பகுதியைப் பதிவுசெய்யப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இருந்ததால் கை நடுங்கி வாசிக்க வரவில்லை, அப்புறம் ஒருநாள் வந்துதான் அதை வாசித்து முடித்தேன் என்று பிரவுனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966 ஜூலையில் ஸ்மாஷ் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. அடுத்து வந்த ‘ப்ரிட்டி பாலரீனா’ 15-ஆம் இடம்.

இந்த வகை இசைக்குத்தான் பரோக் பாப் என்று பெயர் வந்தது. பாக், விவால்டி காலத்து ஐரோப்பியக் கருவிகளையும் அந்தக் கோப்பு முறையையும் மூன்று நிமிடக் காதல் பாட்டுக்குள் கொண்டுவருவது. பீட்டில்ஸ் 1965-லேயே ‘யெஸ்டர்டே’யில் நான்கு தந்தி வாத்தியங்களை வைத்தார்கள். ஆனால் பீட்டில்ஸுக்கு அது பல சட்டைகளில் ஒரு சட்டை. லெஃப்ட் பேங்குக்கு அதுவே உடம்பு.

ஹார்ப்சிகார்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் அதில்தான் தொடங்குகிறது. பியானோவில் சிறு சுத்தி கம்பியை அடிக்கிறது. ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்கும், தடவினால் தணிந்து ஒலிக்கும். ஹார்ப்சிகார்டில் சின்ன அலகு போன்ற ஒரு துண்டு கம்பியைச் சுண்டிவிடுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். சுண்டிய சுரமும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால்தான் அதில் எப்போதும் சுரங்கள் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும், நிற்க முடியாது. சோகத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்ட அந்தக் கருவிக்கு வழியே இல்லை. ஆகவே அதை நடுவில் வைத்துப் பாட்டு செய்தால், அழவேண்டிய வேலை முழுவதும் பாடுகிறவனின் தலையில் விழும்.

அந்த வேலையைச் செய்தவர் ஸ்டீவ் மார்ட்டின். நகைச்சுவை நடிகர் வேறு, இவர் வேறு. இவர் முழுப்பெயரில் கடைசியில் காரோ என்று வரும். இத்தனை வருடம் அந்தப் பாட்டில் நான் கேட்டது ஹார்ப்சிகார்டையும், நடுவில் வரும் புல்லாங்குழலையும், படி இறங்குவதுபோலக் கீழே கீழே போகும் பேஸ் என்னும் அடிச்சுரத்தையும்தான். இப்போது குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். ஒற்றைவழிச் சாலைப் பலகை, ஆளில்லாத நடைபாதை, சுவரில் கிறுக்கிய இதயம் என்று தெருவின் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். எந்த இடத்திலும் கெஞ்சவில்லை. போ, உன் பின்னால் வரமாட்டேன் என்று சொல்லும்போதுகூடக் குரல் ஏறவில்லை, கொஞ்சம் மெலிகிறது. ஃபோர் டாப்ஸ் என்ற குழு 1968-இல் இதே பாட்டைப் பாடி அமெரிக்காவில் 14-ஆம் இடமும் இங்கிலாந்தில் 3-ஆம் இடமும் பிடித்தார்கள். அவர்களின் லெவி ஸ்டப்ஸ் மகத்தான பாடகர், சந்தேகமில்லை. அவர் பாடினால் ரெனே திரும்பிப் பார்ப்பாள் என்ற நம்பிக்கை வருகிறது. மார்ட்டின் பாடும்போது அவள் ஏற்கெனவே தெருமுனை தாண்டிவிட்டாள். இந்தப் பாட்டுக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

‘ப்ரிட்டி பாலரீனா’வை இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனே 1967-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பாப் இசை பற்றிச் செய்த நிகழ்ச்சியில் எடுத்துப் பேசினார். லிடியன், மிக்ஸோலிடியன் என்ற இரண்டு பழைய சுர முறைகள் அதில் கலந்திருக்கின்றன என்றார். நம் கர்நாடக இசைக் கணக்கில் பார்த்தால் லிடியனின் சுரங்கள் மேசகல்யாணிக்கு உரியவை, மிக்ஸோலிடியனின் சுரங்கள் அரிகாம்போதிக்கு உரியவை. முதலாவதின் பிரதி மத்திமத்தையும் (உயர்ந்த ம) இரண்டாவதின் கைசிகி நிஷாதத்தையும் (தாழ்ந்த நி) சேர்த்தால் வாசஸ்பதியின் சுரவரிசை வந்துவிடும். பாட்டு வாசஸ்பதி ராகத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ராகத்துக்கே உரிய சுரக் கோவைகளான பிடிகள் இல்லாமல் ராகம் ஏது? ஆனால் அந்த மத்திமம் ஏன் ஒருவித ஏக்கத்தோடு தொங்குகிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். ஆர்மோனியத்தில் விரல் வைத்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சரி, தொகுப்புக்கு வருகிறேன்.

1967-இல் குழு உடைந்தது. பிரவுனுக்கு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிப்பதில் விருப்பமில்லை. நிர்வாகம் அப்பாவின் கையில் இருந்ததும் மற்றவர்களுக்கு உறுத்தல். பிரவுன் தனியாக ‘ஐவி ஐவி’ என்ற சிங்கிளைச் செய்து, லெஃப்ட் பேங்க் என்ற பெயரிலேயே வெளியிட்டார். பாடியவர் பெர்ட் சாமர், 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடியவர். மற்ற மூவரும் வழக்கறிஞர் மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வானொலிக்காரர்களுக்கு எது உண்மையான லெஃப்ட் பேங்க் என்று தெரியவில்லை. ஸ்மாஷ் அந்த சிங்கிளைக் கைவிட்டது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த குழு அந்த இடத்தில் நின்றது, பிறகு எழவே இல்லை.

தனித்தனியாகக் கேட்டிருந்தால் இதை ஒரு தகவலாகக் கடந்துபோயிருப்பேன். தொகுப்பில் முதல் ஆல்பத்தின் பாடல்களோடு சேர்த்து ‘ஐவி ஐவி’யையும், அதன் மறுபக்கமான ‘அண்ட் சடன்லி’யையும் கேட்கும்போது வித்தியாசம் முகத்தில் அறைகிறது. மெட்டு பிரவுனுடையதுதான், அழகும் குறையவில்லை. சாமரும் நல்ல குரல்வளம் உள்ளவர். ஆனால் அது லெஃப்ட் பேங்க் இல்லை. ‘ஷி மே கால் யூ அப் டுநைட்’டில் மூன்று குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருமே, அந்தக் கூரை இங்கே இல்லை. மேதை இருக்கிறான், குழு இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் அதே தட்டில் கேட்கலாம். 1968 நவம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம், ‘தி லெஃப்ட் பேங்க் டூ’. பிரவுன் நடுவில் ஒருமுறை திரும்பிவந்து ‘டெஸிரே’யைச் செய்துகொடுத்துவிட்டு குழுவை விட்டுப் போய்விட்டார். மிச்சத்தை மூவரும், முதல் ஆல்பத்திலேயே பிரவுனோடு சேர்ந்து பாடல் எழுதிய டாம் ஃபெஹரின் துணையோடு செய்தார்கள். பின்னணிக் குரல்களில் ஒன்று இருபது வயது ஸ்டீவன் டைலருடையது; அவர் புகழ்பெற்ற ஏரோஸ்மித் என்ற ராக் குழு எல்லாம் அப்புறம்தான். பிரவுன் இல்லாத ஆல்பம், ஆகவே மட்டம் என்று பலர் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். நானும் அதை நம்பி, கேட்காமலே இருந்திருக்கிறேன். ‘குட்பை ஹாலி’யைக் கேளுங்கள். ‘டார்க் இஸ் தி பார்க்’கைக் கேளுங்கள். முதல் ஆல்பத்தின் கச்சிதம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஓரிரு பாடல்கள் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கின்றன. ஆனால் ‘டார்க் இஸ் தி பார்க்’கில் குரல்கள் விரியும் இடம் முதல் ஆல்பத்தில்கூட இல்லாத ஒன்று. தலைவன் போனபிறகும் தங்களுக்குள் என்ன இருந்தது என்பதை அவர்கள் அங்கே காட்டிவிட்டார்கள்.

‘டெஸிரே’ பட்டியலில் 98-க்கு மேல் ஏறவில்லை. தந்திகளும் ஊதுகருவிகளும் அலையலையாக எழும் பாட்டு. மூன்று நிமிடத்துக்குள் இவ்வளவை அடைக்கலாமா என்று முதலில் திகைப்பாக இருக்கும், நான்காவது தடவை கேட்கும்போது எல்லாம் அததன் இடத்தில் உட்கார்ந்துவிடும். 1967-இல் யாருக்கும் நான்காவது தடவை கேட்க அவகாசமில்லை. அந்தத் தோல்வி எனக்கு இன்றும் வலிக்கிறது. இது சரியாகப் போயிருந்தால் பிரவுன் தங்கியிருப்பாரோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஹிட் பாடல் தொகுப்புகள் மேல் எனக்கு இருந்த கோபமும் இந்தத் தட்டால் கொஞ்சம் தணிந்திருக்கிறது. என் கேசட் அவர்களை ஒரு பாட்டாகச் சுருக்கியது. ஆனால் இந்தக் குழுவின் அசல் ஆல்பங்கள் நெடுங்காலம் கடைகளில் கிடைக்கவில்லை. 2011-இல்தான் சண்டேஸ்டு நிறுவனம் இரண்டையும் மறுபடி வெளியிட்டது. நடுவில் அத்தனை வருடம் அவர்களை உயிரோடு வைத்திருந்தது இதுபோன்ற முழுத்தொகுப்புதான். நல்லது கெட்டது பார்த்து வடிகட்டாமல், சண்டைபோட்ட இரண்டு தரப்பையும் ஒரே தட்டில் போட்டு, நீயே கேட்டுக்கொள் என்று விட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி.

நான் வந்து சேர்ந்தபோது நேரமாகிவிட்டது. பிரவுன் 2015-இல் போனார். கேமரன் 2018-இல். மார்ட்டினும் ஃபின்னும் 2020-இல், ஆறு மாத இடைவெளிக்குள்.

கேட்க நினைப்பவர்கள் ‘ரெனே’யில் தொடங்க வேண்டாம், அது எப்படியும் உங்களிடம் வந்துவிடும். ‘ஷி மே கால் யூ அப் டுநைட்’டில் தொடங்குங்கள். நேரம் இருந்தால் ‘மைரா’வையும் ‘பெடஸ்டல்’லையும் தவறவிடாதீர்கள். 1969-இல், எல்லாம் முடிந்தபிறகு, பிரவுனும் மார்ட்டினும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து செய்த சிங்கிள் அது. ஸ்மாஷில் அவர்களுக்குக் கடைசியும் அதுதான். யாரும் வாங்கவில்லை. நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு அதைத்தான் இரண்டு முறை கேட்டேன்.