பாலினப் புலம் இரண்டே மதிப்புகளைத்தான் ஏற்குமா?

"தரவுத்தளத்தில் பாலினத்தைப் பதியும் இடமான புலம், ஆண், பெண் என்ற இரண்டை மட்டுமே ஏற்கும், மூன்றாவதைச் சேர்த்தால் மென்பொருளையே திரும்ப எழுத வேண்டும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பாலினத்தைக் குறியிடுவதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 5218-லேயே நான்கு குறியீடுகள் உண்டு: 0 தெரியாது, 1 ஆண், 2 பெண், 9 பொருந்தாது. (அதுவும் எல்லோருக்கும் போதாது என்பது வேறு விஷயம்.)

சிக்கல், அந்தப் புலத்தை 'ஆம்/இல்லை' வகையில் அமைத்ததில்தான். புதிய உரைப் புலம் ஒன்றைச் சேர்த்துப் பழைய மதிப்புகளை நகலெடுங்கள். பழையதைப் படிக்கும் நிரல்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழைய புலத்தைக் கடைசியில் நீக்கினால் போதும். கவனிக்க வேண்டியது, நிரலில் ஒளிந்திருக்கும் "ஆண் இல்லையென்றால் பெண்" என்ற நிபந்தனை. அதை விட்டுவிட்டால், பதில் சொல்லாதவர்கள் உட்பட மற்ற எல்லோரும் அறிக்கையில் பெண்களாகிவிடுவார்கள்.

படிவத்தில் வெறும் 'மற்றவை' சோம்பேறித்தனம். தாமே எழுத ஒரு பெட்டி, 'சொல்ல விரும்பவில்லை', பின்னர் திருத்தும் வசதி மூன்றும் வேண்டும். எதுவும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கக் கூடாது.

செய்திமடலுக்குப் பதிவு செய்பவரிடம் இந்தக் கேள்வியே தேவையில்லை. ஹீமோகுளோபின் அளவின் இயல்பு வரம்பைக் கணிக்கும் ஆய்வகச் செயலிக்குத் தேவை. காரணத்தையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.