குழந்தைகளோடு போனால் கரையோர அறையே நல்லது

மாலத்தீவு ரிசார்ட்டுகளில் குடும்பத்தோடு பொழுதுபோக்குவது பற்றிய கட்டுரையில் தண்ணீர் மேல் கட்டிய வில்லாவைத்தான் பெரிதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கரையோர அறையே எடுங்கள். கதவைத் திறந்தால் மணல். வில்லாவில் படியிறங்கினாலே கடல், பெற்றவர்கள் கண் அசர முடியாது.

அப்புறம் ஸ்நார்கெலிங், அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மேல் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது. எங்கள் மதுரைப் பிள்ளைகள் பலருக்குக் கடல் பழக்கமே கிடையாது. முன்னாடியே ராமேஸ்வரம் போகிற வழியில் அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலை இல்லாத இடத்தில் முகமூடி மாட்டி வாயால் மூச்சுவிடப் பழக்குங்கள். அப்படிப் பழகிய என் மகள், மாலத்தீவில் கிளி அலகு போன்ற வாயுள்ள கிளிமீன் பவளப்பாறையைக் கறுக் கறுக்கென்று கொறிக்கிற சத்தத்தை நீருக்குள் கேட்டு அசந்துபோனாள். மாலத்தீவின் வெள்ளை மணலில் பெருமளவு இந்த மீன்கள் பாறையை அரைத்துக் கழித்ததுதான்! பவளத்தின் மேல் மட்டும் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள், அதற்கும் உயிர் இருக்கிறது.