எழும்பி நிண்டாத்தான் மரியாதையோ?

அரசாங்கக் கந்தோர் ஒண்டில கதிரையில இருந்து கேள்வி கேட்ட ஒரு வயசான ஐயாவை, "எழும்பி நிண்டு கதை" எண்டு உத்தியோகத்தர் ஒருத்தர் அதட்டின காணொளியைப் பற்றி எழுதாமல் விடுவம் எண்டுதான் இருந்தன். அதுக்குக் கீழ வந்த கருத்துகளை வாசிச்சாப்பிறகு ஏலாமல் போச்சு. "சேர் நிண்டு கதைக்கிறார், இவர் கதிரையில இருந்துகொண்டு பதில் சொல்லுறார், வளர்ப்புச் சரியில்லை" எண்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அந்த ஐயாவுக்கு உங்கட அப்பப்பாவின்ர வயசிருக்கும். அவரின்ர வளர்ப்பைப் பற்றிக் கதைக்க உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?

நான் சொல்ல வாறது ஒண்டுதான். ஆளை ஆள் மதிச்சு, 'நீங்கள்' எண்டு கூப்பிட்டு, சத்தம் போடாமல் கதைக்கிறது எல்லாருக்கும் கிடைக்க வேணும். அதைக் கந்தோருக்கு வாற கிழவனும் சம்பாதிக்கத் தேவையில்லை, கந்தோரில இருக்கிற சேரும் சம்பாதிக்கத் தேவையில்லை. ஆனால் எழும்பி நிக்கிறது, கை கட்டுறது, திருப்பி ஒரு கேள்வி கேக்காமல் தலையாட்டுறது, இதெல்லாம் வேற. வேலை செய்து காட்டின ஆளுக்குச் சனம் தானாக் குடுக்கிறது இது. அதட்டி வாங்கினால் சனத்திட்ட மிஞ்சிறது பயம் மட்டுந்தான்.

அந்த ஐயா என்ன கேட்டவர்? கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் காசு குடுக்கிற அஸ்வெசும திட்டத்தின்ர பட்டியலில தன்ர பேர் ஏன் இல்லை எண்டு கேட்டவர். 2023 ஜூலையில தொடங்கின திட்டம் அது. ஆர் தகுதி எண்டு பார்க்கிறது 22 குறிகாட்டிகளை வைச்சு. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு எண்டு ஆறு பகுதிக்குள்ள அந்த 22உம் வருது. வீடு வீடாப் போய்ப் பதியேக்கை ஒரு இடத்தில பிழை விட்டாலே கணக்கு மாறிப்போம். வெளிநாட்டில இருக்கிற மகன் கட்டின வீட்டைக் காவல் காக்கிற மனுசனின்ர சொந்த வீடாப் பதிஞ்சால் மாறும். கொட்டிலுக்குள்ள கறள் பிடிச்சுக் கிடக்கிற மோட்டார்சைக்கிளை வாகனம் எண்டு போட்டால் மாறும். அதால அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் மிச்சம் சின்னது: உங்கட பதிவில இன்ன இடத்தில இப்பிடிக் கிடக்குது, பிழையெண்டால் மேன்முறையீடு செய்யுங்கோ, இன்ன கடதாசி கொண்டு வாங்கோ. "எழும்பி நிண்டு கதை" எண்டு மூண்டு தரம் சொன்ன நேரத்துக்குள்ள இதைச் சொல்லி முடிச்சிருக்கலாம்.

வலிகாமம் பக்கம் ஒரு விதானையார், அதுதான் கிராம சேவகர், இருக்கிறார். பேர் வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். ஆர் வந்தாலும் முதலில கதிரையைக் காட்டுவார். கொண்டுவந்த கடதாசியை முதல் வரியிலயிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பார், வாசிச்சு முடியும் வரைக்கும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டார். பிறகு கிழிச்ச நாட்காட்டித் தாளின்ர பின்பக்கத்தில எழுதுவார்: அடையாள அட்டைப் பிரதி 2, பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதியோட ஒரு பிரதி, கடைசி மின்சார பில். எல்லாம் ஒரே தரத்தில. அடியில திகதியும் தன்ர தொலைபேசி இலக்கமும். வதிவிடச் சான்றிதழ் எழுதிக் குடுத்தாரெண்டால், "நேரா பிரதேச செயலகத்துக்குப் போய் மேலொப்பம் எடுங்கோ, அது இல்லாமல் வேற எங்கயும் கொண்டு போகாதேங்கோ" எண்டு சொல்லித்தான் அனுப்புவார். இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விடுறதாலதான் எத்தினையோ சனம் மேலொப்பம் இல்லாத சான்றிதழோட போய், திரும்பி வருது. அந்த மனுசன் சைக்கிளில வந்தால் மதகில குந்தியிருக்கிற பெடியளும் எழும்புவாங்கள். எழும்பச் சொல்லி அவர் ஒருநாளும் ஒருத்தரிட்டயும் கேட்டதில்லை.

இண்டைக்கு ஒரு கடதாசி இல்லை, அடுத்த கிழமை இன்னொண்டு இல்லை எண்டு திருப்பி அனுப்புற கந்தோரும் இருக்குது. நெடுந்தீவிலயிருந்து கச்சேரிக்கு, அதுதான் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்துக்கு, வாற ஆளை யோசிச்சுப் பாருங்கோ. குறிகட்டுவானுக்குப் படகு, அங்கயிருந்து பஸ், பிறகு வரிசை. பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு ஆற்றையேன் வீட்டில படுக்க வேணும். அந்த ஆளை ஒரு போட்டோப் பிரதிக்காகத் திருப்பி அனுப்பிப்போட்டு, எழும்பி நிக்கேல்லை எண்டு கோவிக்கிறது என்ன நியாயம்?

"ஆளுக்கு இல்லை, பதவிக்குத்தான் மரியாதை" எண்டு சிலர் சொல்லுவினம். சரி. பதவிக்குச் சனம் ஏற்கெனவே குடுக்க வேண்டியதைக் குடுக்குது. வரிசையில நிக்குது, கேட்ட கடதாசியைக் கொண்டு வருது, சேர் போடுற முடிவுக்குக் கட்டுப்படுது. பதவியின்ர அதிகாரம் சட்டத்தில இருந்து வாறது. கிழவன் இருந்தால் அது குறையவும் மாட்டுது, நிண்டால் கூடவும் மாட்டுது. உடையார், மணியகாரன் காலம் முடிஞ்சு எவ்வளவு வருசம்! 1963இல கிராமத் தலைமைக்காரர் முறையை எடுத்துப்போட்டுக் கிராம சேவகர் முறையைக் கொண்டு வந்தவை. அந்தக் கந்தோரில இப்ப இருக்கிறவர் அரசாங்க உத்தியோகத்தர். அந்த ஐயா ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் அதில 18 வீதம் பெறுமதி சேர் வரி போகுது, சம்பளம் வாறது அதிலயும் இருந்துதான்.

"பெரியாக்களை மதிக்கிறது எங்கட பண்பாடு" எண்டு இன்னொருத்தர். ஓம், நானும் அதைத்தான் சொல்லுறன். அந்த அறைக்குள்ள பெரியாள் ஆர்? பண்பாட்டின்படி பார்த்தால் எழும்பியிருக்க வேண்டியது அந்த ஐயா இல்லை.

"ஆசிரியருக்குப் பிள்ளைகள் எழும்புறதில்லையோ" எண்டு ஆசிரியரை இழுத்துக்கொண்டு வந்தவைக்கும் ஒரு சொல். பிள்ளைகள் வகுப்பில எழும்பி வணக்கம் சொல்லுறதை நான் குறை சொல்லேல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில உடல் ரீதியான தண்டனை கூடாது எண்டு கல்வி அமைச்சு 2005இலயும் 2016இலயும் சுற்றறிக்கை விட வேண்டி வந்தது ஏன்? கேள்வி கேக்காத மரியாதை ஒரு பக்கமாவே போய்க்கொண்டிருந்ததால.

உத்தியோகத்தர் பாவம், நாள் முழுக்கச் சனத்தோட மல்லுக்கட்டுறவர் எண்டும் எழுதியிருக்கினம். அதில உண்மை இருக்குது. ஆளணி காணாது, வெறியில வந்து கத்துறவையும் இருக்கினம், மேலிடத்து விதியை இவர் மாத்தேலாது. அதுக்கு வாசலில இலக்கத் துண்டு குடுக்கலாம். எந்த வேலைக்கு என்னென்ன கடதாசி வேணும் எண்டு தமிழில பெரிசா எழுதி ஒட்டலாம். அது ரெண்டுமே பாதிச் சண்டையைக் குறைக்கும்.

கதிரை சின்ன விசயமாம், ஏன் பெருப்பிக்கிறியள் எண்டு கேக்கினம். வேற ஊரில சின்ன விசயமா இருக்கலாம். இந்த யாழ்ப்பாணத்தில சாதி பார்த்து, ஒரு பகுதிப் பிள்ளைகள் வாங்கில இருக்க, மற்றப் பகுதிப் பிள்ளைகளை நிலத்தில இருத்திப் படிப்பிச்சவை. அரச நன்கொடை எடுக்கிற பள்ளிக்கூடங்களில சம ஆசனம் குடுக்க வேணும் எண்டு உத்தரவு வந்தாப்பிறகு, 1930இல பள்ளிக்கூடங்களையே கொளுத்தினவை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அண்டைக்குச் சம ஆசனத்தின்ர பக்கம் நிண்டுது. சால்வையை இறக்கிக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு, முற்றத்தில நிண்டு பதில் சொன்ன மனிசரின்ர பேரப்பிள்ளைகள் இண்டைக்கும் எங்களோட இருக்கினம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல வந்தும், 1968இல மாவிட்டபுரம் கோயில் வாசலில, சாதியால ஒதுக்கப்பட்ட சனம் உள்ள போறதுக்காகப் போராட வேண்டியிருந்தது. ஆர் இருக்கலாம், ஆர் நிக்க வேணும் எண்டு ஒருத்தன் சொல்ல மற்றவன் கேக்கிறதை இந்த மண் எவ்வளவு பார்த்திட்டுது! அதை ஒரு கந்தோருக்குள்ள திரும்பப் பார்க்கேக்கை எனக்கு வயிறு எரியுது. அதைச் சரி எண்டு எங்கட பெடியளே எழுதுறது இன்னும் கூட எரியுது.

பணிஞ்சு பழகின சனத்துக்கு நட்டமும் கூட. கடிதத்தைக் கையில குடுத்திட்டு, சேரைக் கேட்டால் கோவிப்பார் எண்டு சும்மா வந்திடுவினம். ஆறு மாதத்தால "அப்பிடி ஒண்டும் கிடைக்கேல்லையே" எண்டு பதில் வரும். பொலிசில முறைப்பாடு குடுத்திட்டு, என்ன எழுதியிருக்கு எண்டு தெரியாமலே கையெழுத்து வைப்பினம். தமிழும் அரச கரும மொழி எண்டு 1987இல பதின்மூண்டாம் திருத்தத்தில வந்தாச்சு. வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, விளங்கினாப்பிறகு கையெழுத்து வையுங்கோ. இது மரியாதைக் குறைவில்லை.

கந்தோருக்குப் போறதெண்டால் கடிதத்தை ரெண்டு பிரதி எடுங்கோ. ஒண்டைக் குடுத்து, மற்றதில திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கோ. போட மாட்டம் எண்டால் அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமா வையுங்கோ. விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின்ர பேரையும் கேட்டு எழுதுங்கோ.

பதில் வராட்டி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்குது. ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாட்டி வாயால சொல்லலாம், தகவல் அலுவலர்தான் அதை எழுத்தில போட வேணும். 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு அவர் முடிவு சொல்ல வேணும். மறுத்தால் 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவர் மூண்டு கிழமைக்குள்ள முடிவு சொல்ல வேணும். அதுவும் சரிவராட்டி ரெண்டு மாதத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். என்ன அடிப்படையில தன்ர பேர் விடுபட்டது எண்டு அந்த ஐயா இந்த வழியாலயும் கேக்கலாம்.

அவரைத் தெரிஞ்சவை ஆரும் இதை வாசிச்சால் உட்பெட்டியில ஒரு செய்தி போடுங்கோ. விண்ணப்பத்தை நான் எழுதித் தாறன்.