யூனி கோட் ஒழுங்கும் கம்பஸ் ஏமாற்றமும்

ஒவ்வொரு பட்சும் (வருடா வருடம் சேரும் மாணவர் தொகுதி) பல்கலைக்கழகத்துக்குள்ளே போய் முதல் செமஸ்டர் முடியிறதுக்குள்ளேயே "இந்தக் கம்பஸை ஏன் எடுத்தேன்" என்ற கதை தொடங்கிவிடுகிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் கிடைத்த பிள்ளையும் சொல்கிறது, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளையும் சொல்கிறது. இதில் பாதிக்கு மேல், விண்ணப்பத்தில் யூனி கோட் (எந்த நெறி, எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கான குறியீடு) நிரப்பும்போதே நடந்த பிழை என்பதுதான் என் எண்ணம்.

விருப்ப ஒழுங்கை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் இசட் புள்ளி (ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) முதலில் எந்த யூனி கோட்டுக்கு எட்டுகிறதோ அதுதான் கிடைக்கும். எட்டாத ஒன்றை மேலே போட்டதால் அடுத்ததுக்கான வாய்ப்புக் குறையாது. ஆனால் "எங்களுக்கெங்கே கிடைக்கப்போகுது" என்று ஆசைப்பட்டதைக் கீழே தள்ளினால், இடையில் உள்ளது கிடைத்து அதோடு கதை முடிந்துவிடும். ரியூசனில் யாரோ எழுதித் தந்த பட்டியலைப் பார்த்தெழுதும் பிள்ளைகளுக்கு இதுதான் நடக்கிறது.

நெறிக்கு எடுபடத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி, அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். போன வருடப் பட்டியலில் எங்கள் திருகோணமலை நிரலைப் பாருங்கள். மாவட்டக் கோட்டா உள்ள நெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16 இல் நாங்களும் இருக்கிறோம். கொழும்பில் இருக்கிற மச்சானின் புள்ளியை வைத்து மனம் உடையத் தேவையில்லை.

நெறியின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். மூன்று வருடப் பட்டமா (90 கிரெடிட்), நான்கு வருடச் சிறப்புப் பட்டமா (120 கிரெடிட்), எந்த மொழியில் விரிவுரை என்பதைப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பாருங்கள். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை ஆங்கில ஸ்லைடைப் பார்த்து எழுதத் தொடங்கும். பாதி வரியில் ஸ்லைட் மாறிவிடும். பிள்ளை "கோர்ஸ் பிடிக்கவில்லை" என்று சொல்வது பல நேரம் இந்தத் தவிப்பைத்தான். பெற்றோர் தயவுசெய்து இதை சோம்பல் என்று ஏசாதீர்கள். ஏ.எல். முடிந்து கம்பஸ் தொடங்கும்வரை கிடக்கிற மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

விருப்பமில்லாத நெறி வந்தால் பதிய முன்னம் முடிவெடுங்கள். பதிந்த பிறகு அடுத்த ஏ.எல். பெறுபேற்றைக் காட்டித் திரும்ப விண்ணப்பிக்கப் பொதுவாக முடியாது.

ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் வெறுப்பில் விரிவுரையைக் கட் அடிக்காதீர்கள். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். திரும்ப எழுதும் பாடத்துக்கு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது ஆரம்ப வருடங்களின் ஜி.பி.ஏ.யைத்தான் (சராசரித் தரப்புள்ளி) பெரும்பாலும் பார்ப்பார்கள்.