போலிங் என்றாலே போகஹாண்டஸ் வழி என்றில்லை

அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியாவின் போலிங் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாருமே அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணான போகஹாண்டஸின் வாரிசுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை, நண்பரே. போகஹாண்டஸ் 1617இல் இங்கிலாந்தின் கிரேவ்சென்டில் இறந்தபோது அவருக்கு இருந்தது ஒரே மகன், தாமஸ் ரால்ஃப். தாமஸின் மகள் ஜேன், ராபர்ட் போலிங்கை மணந்து, ஜான் என்ற ஒரு மகனைப் பெற்ற கொஞ்ச காலத்தில் இறந்துவிட்டார். அப்புறம் ராபர்ட் 1681இல் ஆன் ஸ்டித்தை மணந்தார். அந்த மனைவிக்குத்தான் பிள்ளைகள் அதிகம். அவர்களுக்கும் போகஹாண்டஸுக்கும் ரத்த உறவே கிடையாது. இந்தக் குழப்பம் பழையது, அதனால்தான் வம்சாவளி ஆய்வாளர்கள் ஜான் வழியைச் 'சிவப்பு போலிங்', ஆன் வழியை 'வெள்ளை போலிங்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சனின் மனைவி ஈடித், ஜான் வழியில் வந்தவர்.

ஆகவே குடும்பப் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். உயில், நிலப் பத்திரம், தேவாலயப் பதிவு எது கிடைத்தாலும் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போய், உங்கள் கிளை ஜானிடம் சேர்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் தாய் யார் என்பதை உறுதி செய்யுங்கள். இணையத்தில் சுற்றும் வம்ச மரங்கள் பலவற்றில் ராபர்ட்டின் இரண்டு மனைவியரின் பிள்ளைகளையும் ஒன்றாகவே சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.